முதலில் ராத்திரியைச் சரிசெய்யுங்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் குடும்பத்தின் அன்றாட ஒழுங்கு பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். நிறையப் பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள்: "காலை 5 மணியிலிருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுங்கள் அக்கா." அப்படி ஒன்றை நான் தர மாட்டேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்கிற குறிப்புகளைக் கேட்டு டைப் செய்யும் வேலை எனக்கு. 2009-லிருந்து கோவை கணபதியில் என் வீட்டில் உட்கார்ந்துதான் செய்கிறேன். வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அத்தை எங்களோடு இருக்கிறார். பெரியவள் கல்லூரி, சின்னவன் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டுக் கணக்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

ஆனால் எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற ஒன்று உண்டு. கடிதம் எழுதியவர்கள் எல்லோரும் காலையைச் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். யார் எப்போது ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள் என்பது முடிவாகாமல் 5 மணிக்கு அலாரம் வைத்து என்ன பயன்? ராத்திரியைப் பிடியுங்கள். அதையும் வீட்டில் ஒருத்தி மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

லண்டன் கம்பெனிக்கு வேலை. மதியம் 1.30 முதல் இரவு 10.30 வரை ஷிப்ட். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. மாமியார் உடன் இருக்கிறார். கணவர் கடையை மூடிவிட்டு வர 9.30 ஆகும். நான் லாக் அவுட் செய்து வந்து பக்கத்தில் படுத்தால்தான் மகள் தூங்குகிறாள். காலை 6 மணிக்கு எழுந்து இருவருக்கும் டிபன், மதியச் சாப்பாடு கட்டி 8 மணி வேனில் ஏற்றுகிறேன். என் காலை டிபன் 11 மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு 11 மணிக்கு மேல். எங்கிருந்து தொடங்குவது அக்கா?
*வாசகி, தென்காசி*

மகளின் படுக்கையிலிருந்து தொடங்குங்கள். 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். மகனுக்கு 9 முதல் 12 மணி நேரம். வேனுக்காக 6.45-க்கு எழுந்தாக வேண்டுமென்றால் மகள் 8.30-க்குள் தூங்கியிருக்க வேண்டும். நீங்கள் லாக் அவுட் செய்வது 10.30-க்கு. ஆக, வார நாட்களில் அவளைத் தூங்க வைக்கிற ஆள் நீங்களாக இருக்க முடியாது. இதை எழுதும்போது எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் உங்களுக்காகக் கண் விழித்துக் காத்திருக்கிற பிள்ளை, தினமும் இரண்டு மணி நேரத் தூக்கத்தை இழந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.

பாட்டியிடம் படுக்க வையுங்கள். அதற்கு ஈடாக, அம்மாவுக்கென்று ஒரு நேரத்தைக் காலையில் கொடுங்கள். தலை பின்னுகிற நேரம் அதற்கு நல்லது. 7.15 முதல் 7.30 வரை என்று வையுங்கள். சமையலறையில் நின்றுகொண்டே ஒரு கையில் கரண்டியோடு பின்னக் கூடாது. கூடத்தில் அவளைக் கீழே உட்கார வைத்து, நீங்கள் பின்னால் உட்கார்ந்து, எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டி முடிகிற வரைக்கும் அவள் பேசுவதை மட்டும் கேளுங்கள். "ராத்திரி பாட்டிதான் படுக்க வைப்பார்கள், காலையில் தலை பின்னுவது அம்மா மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, எந்த அவசரத்திலும் அதை மாற்றாதீர்கள். முதலில் சில ராத்திரிகள் அழுவாள். அழுகைச் சத்தம் கேட்டு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஓடினீர்களென்றால், அழுதால் அம்மா வருவாள் என்று அவள் புரிந்துகொள்வாள்.

அடுத்தது சாப்பாடு. ஒன்பது மணி நேர ஷிப்ட்டில் பொதுவாக ஒரு மணி நேரம் இடைவேளை உண்டு. அதை இரண்டாகப் பிரியுங்கள். பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கும்போது 20 நிமிடம், ராத்திரி 7 மணிக்கு 40 நிமிடம். 7 மணி என்பது கோடையில் லண்டனில் மதியம் 2.30. அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து மீட்டிங் போடுகிற நேரம். அதனால் ஆபீஸ் காலண்டரில் அந்த 40 நிமிடத்தைச் சாப்பாட்டு இடைவேளை என்று தினமும் வருகிற மாதிரி அடைத்துவிடுங்கள். மேனேஜரிடம் வாய்விட்டும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். காலண்டரில் காலியாகத் தெரிகிற இடத்தில்தான் மீட்டிங்கைக் கொண்டுவந்து போடுவார்கள்.

7 மணிக்கு நீங்கள், மாமியார், பிள்ளைகள் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் ராத்திரிச் சாப்பாடும் அதுதான். சமையலை ஷிப்ட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். காலையில் வைக்கிற குழம்பையே ராத்திரிக்கும் சேர்த்து வைத்து, ஒரு பங்கைத் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஞாயிறும் புதனும் மாவு ஆட்டினால் வாரம் ஓடிவிடும். 7 மணிக்கு தோசை ஊற்றுவது மட்டுமே மிச்சம். வேலை முடிந்து 10.30-க்குப் பசித்தால் ஒரு டம்ளர் பால் அல்லது வாழைப்பழம் போதும். 9.30-க்கு வருகிற கணவர் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டு, சமையலறையை ஒதுக்கி வைக்கட்டும். அந்த நேரத்தில் வீட்டில் வேலையில் இருப்பவர் நீங்கள்.

காலை டிபனை வேன் போனதும் 8.15-க்கே சாப்பிட்டுவிடுங்கள். துணி, பாத்திரம், வாசல் எல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைப்பதால்தான் 11 மணி ஆகிறது.

இன்னொரு விஷயம், வெளிநாட்டுக்கு வேலை பார்க்கிற எல்லோருக்குமானது. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே தள்ளுவார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். உங்கள் ஷிப்ட் அக்டோபர் கடைசியில் 2.30-க்குப் போய் ராத்திரி 11.30-க்கு முடியும். படுக்க 12.15 ஆகும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதால் 7.15-க்கு முன் நீங்கள் எழக் கூடாது. அந்த 5 மாதமும் காலைப் பொறுப்பு கணவருடையது. பிள்ளைகளை எழுப்புவது, குளிக்க வைப்பது, டிபன் பாக்ஸ் கட்டுவது எல்லாம். பின்னல் மட்டும் உங்களுடையது. அக்டோபர் வந்த பிறகு இதைப் பேசினால் சண்டையில்தான் முடியும். இப்போதே தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டுக் காட்டி, பேசி முடித்துவிடுங்கள்.

"வீட்டில்தானே இருக்கிறாய்" என்று எல்லோரும் எல்லாவற்றையும் என்னிடமே விடுகிறார்கள். சிலிண்டர் வாங்குவது, கூரியர், நாத்தனார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, பத்திரிகை வைக்க வரும் சொந்தக்காரர்களுக்குக் காபி போடுவது, எல்லாம் என் தலையில். கதவைச் சாத்தினால் மாமியார் முகம் வாடுகிறது.
*வாசகி, ஈரோடு*

வாடும். அவர்களுக்கு வேலை என்றால் குளித்துக் கிளம்பி, பஸ் ஏறிப் போவது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் ஒன்றும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வேலையாகத் தெரியவில்லை. அதற்காகக் கோபப்படாதீர்கள். ஒருநாள் அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து என் வேலையைக் காட்டினேன். ஹெட்போனை அவர் காதில் வைத்து, காலடியில் இருக்கிற பெடலை மிதிக்கச் சொன்னேன். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நின்றுவிடும். மருந்தின் அளவை ஒரு புள்ளி தள்ளிப் போட்டால் எங்கேயோ ஒரு நோயாளிக்குத் தப்பாகப் போகும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு என் கால் பெடல் மேல் இருந்தால் அத்தை கூப்பிட மாட்டார். பேத்தியையும் கூப்பிட விடமாட்டார். நீங்களும் காட்டுங்கள். என்ன செய்கிறீர்கள், யாருக்காகச் செய்கிறீர்கள், தப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்தால் வீட்டில் பெரியவர்கள்தான் முதல் காவல்.

அடுத்து, உங்கள் வேலை நேரத்தை இரண்டு வகையாகப் பிரித்துச் சொல்லுங்கள். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது தீப்பிடித்தால் மட்டும் கூப்பிடலாம். தனியாக உட்கார்ந்து செய்கிற வேலையின் நடுவே சிலிண்டர் வந்தால் எழுந்து போய் வாங்கலாம், இரண்டு நிமிட வேலைதானே. எப்போதும் கூப்பிடாதே என்றால் யாராலும் கடைப்பிடிக்க முடியாது. ஞாயிறு ராத்திரி அடுத்த வாரத்து மீட்டிங் நேரங்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். மாமியாருக்கு எட்டுகிற உயரத்தில், கண்ணாடி போடாமலே தெரிகிற எழுத்தில்.

பத்திரிகை வைக்க வருபவர்களுக்கு நீங்கள் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்து, "வாங்க, உக்காருங்க, 12 மணிக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில் ஒரு குறைச்சலும் இல்லை. வராமல் இருப்பதுதான் குறையாகப் பேசப்படும். நாத்தனார் பிள்ளை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மீட்டிங் நாளென்றால் முடியாது.

மாமியார் பக்கமும் ஒன்றைப் பார்க்க வேண்டும். நீங்கள் வீட்டில் இல்லாத காலத்தில் மதியம் 2 முதல் 4 வரை அவர் பாட்டுக்குப் படுத்திருப்பார், சீரியல் பார்ப்பார், எதிர் வீட்டில் போய் உட்காருவார். இப்போது டிவி சத்தம்கூட வைக்க முடியவில்லை. அவருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை ஒழுங்காக எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியது நீங்கள். சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போகிற நாளில் பிள்ளைகளை அவரிடம் விடாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஃபில்டர் காபி ஐந்து, ஆறு டம்ளர் ஆகிவிடுகிறது. ஆபீஸில் இரண்டுதான் குடிப்பேன். வீட்டில் டிகாக்‌ஷன் கண்ணெதிரே இருக்கிறது.
*வாசகர், கும்பகோணம்*

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சி வடிக்கிற காபி ஒரு கப்பில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும். உங்கள் ஐந்தாறு டம்ளர் அளவைத் தாண்டிவிட்டது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் போய்விடும். டிகாக்‌ஷனைக் காலையில் இரண்டு டம்ளருக்கு மட்டும் இறக்குங்கள். கடைசிக் காபி படுக்கிற நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பாக இருக்கட்டும். தீர்ந்த பிறகு மோர், சுக்குத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதுவானாலும் சரி.

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன், முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை. மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். சமையல், மகனைப் பள்ளியில் விடுவது எல்லாம் நான்தான். அபார்ட்மென்ட்டில் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள். அதைவிட, நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்து உடம்பு கனத்துவிட்டது. ஆபீஸ் முடிந்தும் முடியாத மாதிரி இருக்கிறது.
*வாசகர், தாம்பரம்*

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. அந்த வேலையைச் செய்கிற ஆண்கள் 97 நிமிடம். செய்யாத ஆண்கள் அந்தச் சராசரியில் சேரவே இல்லை. ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வருகிற ஒரு பெண் வீட்டுக்கு வந்து நேராகப் படுத்துத் தூங்க முடிகிறதென்றால் அது உங்களால்தான். பேசுகிறவர்கள் பேசட்டும்.

மனைவியின் டியூட்டி மாறிக்கொண்டே இருப்பதால் மகனின் நாள் உங்களோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அவன் எழுவது, சாப்பிடுவது, படுப்பது மூன்றும் அம்மாவின் ஷிப்ட் எதுவானாலும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். நைட் டியூட்டி முடித்து அவர் பகலில் தூங்கும்போது படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், காலிங் பெல்லை அணைத்துவிடுங்கள். உங்கள் மீட்டிங் குரல் அந்த அறைக்குக் கேட்காத மூலையில் மேசையைப் போடுங்கள்.

உங்கள் உடம்பு விஷயம். ஆபீஸ் போன காலத்தில் ஸ்டேஷன் படி ஏறி இறங்கியது, கேன்டீனுக்கு நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியாமலே உடற்பயிற்சியாக இருந்தது. இப்போது அதை நாமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடலியக்கம் வேண்டும் என்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம். இரண்டையும் ஒன்றாக முடியுங்கள். லாக் அவுட் செய்ததும் லேப்டாப்பை மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டு, மகனையும் ஒரு பந்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். போன் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரம்தான் ஆபீஸ் முடிந்தது என்பதற்கு அடையாளம். சேலையூர் ஏரிப் பக்கமோ, மொட்டை மாடியோ, எங்கேயாவது. மழை நாளில் மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

சாப்பாட்டு மேசை நாற்காலியில்தான் வேலை. இடுப்பும் கழுத்தும் போய்விட்டன. கண் எரிகிறது. பெரிய நாற்காலி வாங்க இப்போது வசதி இல்லை.
*வாசகி, விருதுநகர்*

நாற்காலிக்கு முன் லேப்டாப்பைச் சரிசெய்யுங்கள். திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் வைத்தாலே உயரம் கிடைத்துவிடும். அப்படி உயர்த்தினால் அதிலேயே டைப் செய்ய முடியாது. தனி கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள், நாற்காலியை ஒப்பிட்டால் செலவு கொஞ்சம்தான். முழங்கை மடங்கி மேசை மட்டத்தில் இருக்க வேண்டும், தோள் தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. மேசை உயரமென்று நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்தால் கால் தொங்கும். நம் வீட்டுப் பெண்களுக்குப் பாதி இடுப்பு வலி அதனால்தான் வருகிறது என்பது என் எண்ணம். பரணில் பலகை மணை கிடந்தால் எடுத்துக் காலடியில் போடுங்கள், பாதம் இரண்டும் அழுந்தப் படியட்டும். ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். கட்டிலில் சாய்ந்துகொண்டு வேலை பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். நான் ஒரு ஆடியோ ஃபைல் முடிந்ததும் எழுந்து சமையலறை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைப்பதே இல்லை. டம்ளரில் குடிக்க எழுந்து போனால்தான் உண்டு. கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருக்கிற எதையாவது 20 வினாடி பாருங்கள். எனக்கு எதிர் வீட்டு முருங்கை மரம். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடும், எரிச்சல் அதனால்தான். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் திரும்பி உட்காருங்கள். கை மரத்துப்போவதோ, வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குவதோ இருந்தால் மணை, துண்டு வைத்தியம் போதாது. எலும்பு மூட்டு டாக்டரைப் பாருங்கள்.

மூன்று வயது மகன். மீட்டிங் வந்தால் போனைக் கொடுத்துவிடுகிறேன். இப்போது போன் இல்லாமல் சாப்பிடுவதும் இல்லை. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
*வாசகி, ஓசூர்*

குற்ற உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்தெந்த நேரம் போன் கொடுக்கிறீர்கள் என்று இரண்டு நாள் எழுதிப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் பேசியே ஆக வேண்டிய மீட்டிங்குக்கு மிச்சம் பிடித்து வையுங்கள். சாப்பாட்டுக்குச் செலவழிக்காதீர்கள்.

முதலில் சாப்பாட்டிலிருந்து போனை எடுங்கள். இரண்டு மூன்று வேளை சாப்பிடாமல் அடம் பிடிப்பான், பசித்தால் சாப்பிடுவான். தட்டில் கொஞ்சமாகப் போட்டு, அவனே கையால் எடுத்துத் தின்னட்டும். சிந்தட்டும். நீங்களும் அதே நேரத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாம் லேப்டாப் முன்னால் ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டே அவனிடம் போனைப் பிடுங்கினால் அவன் கேட்க மாட்டான்.

மீட்டிங்குக்கென்று ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் அதை எடுக்கவே கூடாது. எவர்சில்வர் கிண்ணங்கள், மூடி திறந்து மூடுகிற டப்பாக்கள், துணி கிளிப்புகள், கொஞ்சம் கோதுமை மாவு பிசைந்த உருண்டை. சின்னஞ்சிறு சாமான்கள், பட்டாணி, புளியங்கொட்டை மாதிரி மூக்கிலோ தொண்டையிலோ போகிறது எதுவும் வேண்டாம், நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பை 20 நிமிடம் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதனால்தான் அடுத்ததைச் சொல்கிறேன்: மூன்று வயதுப் பிள்ளையையும் எட்டு மணி நேர வேலையையும் ஒரு ஆள் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அங்கன்வாடியோ, பிளே ஸ்கூலோ, உங்கள் தெருவில் நம்பிக்கையான ஒரு பெரியம்மாவோ, காலையில் மூன்று மணி நேரம் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அது ஆடம்பரம் இல்லை. கடினமான வேலைகளை அந்த மூன்று மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதக் கர்ப்பம். பேறுகால விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை கேட்க எனக்கு உரிமை உண்டா?
*வாசகி, திருச்சி*

கேட்க உண்டு. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. அதோடு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகு நிறுவனமும் நீங்களும் ஒத்துக்கொள்கிறபடி வீட்டிலிருந்து செய்யலாம் என்பதையும் சேர்த்தது. ஒத்துக்கொள்கிறபடி என்றிருப்பதால் தானாகக் கிடைக்காது. விடுப்பில் போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு, எத்தனை மாதம், என்ன நேரம் என்று பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டிலிருந்து வேலை கிடைத்தாலும் குழந்தையைப் பார்க்கத் துணைக்கு ஆள் வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மொத்த ஒழுங்கும் போய்விடுகிறது.
*வாசகர், மதுரை*

முன்கூட்டியே அறிவிப்பு வருகிற விஷயம்தானே. காலை 9 முதல் மதியம் 2 வரை அல்லது சாயங்காலம் வரை என்று பேப்பரில் போடுவார்கள். அன்றைக்கு லீவோ அரை நாளோ முதல் வாரமே சொல்லிவிட்டு, டாக்டர், பேங்க், பிள்ளைகளின் பள்ளி என வெளி வேலைகளை அந்த நாளில் வையுங்கள். மாவு முதல் நாள் ஆட்டிவிடுங்கள். தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அது மோடத்துக்கும் ஒரு மின்விசிறிக்கும் மட்டும்.

எனக்கு 71 வயது. மனைவி இல்லை. ஊரை விட்டு பெங்களூரில் மகனோடு இருக்கிறேன். மகன், மருமகள் இருவருக்கும் வீட்டிலேயே வேலை. பேசினால் "ஷ்" என்கிறார்கள். மருமகள் நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலை டிபன் சில நாள் 10 மணி, சில நாள் 10.30. நான் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
*வாசகர், பெங்களூரு*

ஐயா, இதில் கூச்சப்படவே கூடாது. சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றைச் சாப்பாட்டுக்கு முன் போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால், சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பு வரும், தலை சுற்றும். அப்படி வந்தால் உடனே மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, யார் மீட்டிங்கில் இருந்தாலும் கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். உங்கள் மாத்திரை எந்த வகை, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன் என்பதை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காலை 8 மணிக்கு உங்கள் டிபன் என்று நீங்களே முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். அதற்கு மருமகள் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. மாவு இருந்தால் இட்லித் தட்டில் ஊற்றி வைப்பது உங்களால் முடிகிற வேலை, ஆறு இட்லி வேகப் பத்து நிமிடம். உங்களுக்கு இரண்டு, அவர்களுக்கும் சேர்த்து என்று ஊற்றினீர்களென்றால் 10.30 வரை சாப்பிடாமல் வேலை பார்க்கிற அந்த இருவரும்கூட 8.15-க்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிற ஒரு ஆள் இருந்தால் மற்றவர்களும் அந்த நேரத்துக்கு வந்து சேருவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது அத்தை.

காலை 9 மணிக்கு, அவர்கள் வேலையைத் தொடங்கும்போது நீங்கள் வெளியே கிளம்புங்கள். வெயில் ஏறும் முன் பார்க்கில் அரை மணி நேர நடை. சர்க்கரைக்கும் நல்லது, உட்கார்ந்து பேச உங்கள் வயதுக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். சட்டைப் பையில் வீட்டு முகவரியும் மகன் போன் நம்பரும் எழுதிய சீட்டு, இரண்டு மிட்டாய், இவை இல்லாமல் படி இறங்காதீர்கள்.

பேச்சு விஷயத்தை மகனிடம் நேராகச் சொல்லுங்கள். "ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் என்னோடு உட்காரப்பா" என்று ஒரே வாக்கியம். நீங்கள் கேட்காததால் உங்களுக்கு வேண்டாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லையென்றால் இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரைத் தாளில் ஒரு பிரதியை மகன் போனிலும் இன்னொன்றை மருமகள் போனிலும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.